முதல் ஏர் பிஸ்டல் வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலை, அதாவது பத்து மீட்டர் தூரத்து இலக்கில் காற்றழுத்தத்தால் சிறு ஈய பெல்லட்டைச் சுடும் விளையாட்டை, பொழுதுபோக்காகத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்கள் இந்தியச் சட்டத்தையும் இங்கே கிடைக்கும் பொருட்களையும் வைத்து எழுதப்பட்டவை. விதிகள் என்று வரும் இடமெல்லாம் உலகத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின், அதாவது ஐஎஸ்எஸ்எஃப்பின், விதிகள்.

பொழுதுபோக்குக்குத்தானே? நேராகத் தோட்டா போட்டுச் சுடும் பாயின்ட் 22 பிஸ்டலே வாங்கக் கூடாதா?

வாங்கலாம், ஆனால் லைசென்ஸ் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடமோ, கமிஷனர் அலுவலகம் உள்ள நகரமானால் கமிஷனரிடமோ விண்ணப்பம், போலீஸ் விசாரணை, 21 வயது நிரம்பியிருப்பது என்று வரிசையாகப் படிகள் உண்டு. தோட்டாவுக்கும் கணக்கு காட்ட வேண்டும்.

ஏர் பிஸ்டலுக்கு அந்தச் சுமை இல்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. 0.45 கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 5 ஜூல்தான். கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிப் பதிவு செய்வார். பில்லைப் பத்திரமாக வையுங்கள். துப்பாக்கியோடு வெளியே போகும்போதெல்லாம் அந்தப் பில்லின் நகலும் கிளப் அட்டையும் பெட்டிக்குள் இருக்கட்டும். பார்வைக்கு நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும் பொருள் இது. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் பார்த்தவுடன் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த விலக்கு இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூரில் ஏர் பிஸ்டலும் துப்பாக்கிச் சட்டத்துக்குள் அடக்கம். பிரிட்டனுக்குள்ளேயே இங்கிலாந்துக்கு ஒரு சட்டம், ஸ்காட்லாந்துக்கு ஒரு சட்டம். அந்தந்த ஊரில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சேர்ந்த முதல் நாளே வாங்கிவிடலாமா?

வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் கிளப் துப்பாக்கியில் சுடுங்கள். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. தனியார் பயிற்சிக் கூடங்களும் வந்துவிட்டன. பெரும்பாலான இடங்களில் புதியவர்களுக்குக் கிளப் பிஸ்டல் கிடைக்கும்.

பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. முதல் சில வாரங்களில் உங்கள் பிடியே மாறிக்கொண்டிருக்கும். முதல் வாரம் 'மீடியம்' கிரிப் (கைப்பிடி) கச்சிதம் என்று தோன்றும். கையைச் சரியாக மேலே ஏற்றிப் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் அதே கிரிப் தொளதொளக்கும். பிடி நிலைப்பதற்கு முன் வாங்கினால், உங்கள் கைக்கு அல்ல, உங்கள் தவறுக்கு அளவெடுத்துத் துப்பாக்கி வாங்குகிறீர்கள்.

எத்தனை வகை இருக்கிறது? எது வேண்டும்?

காற்று எப்படி அழுத்தப்படுகிறது என்பதை வைத்து நான்கு வகை.

ஸ்பிரிங் பிஸ்டல்: ஸ்பிரிங்கை மடக்கி விட்டால் அதன் பிஸ்டன் முன்னே பாயும். பெல்லட் குழலை விட்டுப் போவதற்குள் துப்பாக்கி குலுங்கிவிடும், ட்ரிகரும் கனம். கடையில் மலிவாக மாட்டியிருப்பவற்றில் பல இந்த ரகம். குறி பார்த்துச் சுடப் பழக இது உதவாது.

கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் பிஸ்டல்களில் பல, நிஜத் துப்பாக்கியின் நகல்கள். வரித்தடம் இல்லாத வழுவழுப்பான குழலில் இரும்புக் குண்டு போட்டுச் சுடுபவை. இரும்புக் குண்டு தட்டியதும் திரும்பி வரும். ரேஞ்சில், அதாவது சுடும் கூடத்தில், இதற்கு இடமில்லை.

ஒரே இழுப்பில் காற்றை அழுத்தும் நியூமேட்டிக்: ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூட வேண்டும். சிலிண்டர், பம்ப் எதுவும் தேவையில்லை, அதிர்வும் இல்லை. ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச் 46எம் இந்த வகையில் பெயர் பெற்றது. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் ஓராண்டுப் பயிற்சிக்குத் தாராளம். குறை என்னவென்றால், ஒரு போட்டிக்கு 60 ஷாட்; 60 முறை இழுத்துக்கொண்டேதான் குறியும் பார்க்க வேண்டும்.

நான்காவது, 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் உள்ள பிசிபி (ப்ரீ-சார்ஜ்டு நியூமேட்டிக்). இன்றைக்குப் போட்டி பிஸ்டல் என்றாலே இதுதான். பொழுதுபோக்காகவே இருந்தாலும் இரண்டு மூன்று வருடம் தொடர்வோம் என்று தோன்றினால் நேராக இதற்கே போங்கள். இடையில் ஒன்று வாங்கி விற்பதில் நஷ்டம்தான்.

ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், பர்தினி: இதில் எது சிறந்தது?

இந்தக் கேள்விக்குச் செலவாகும் நேரத்தில் ஆயிரம் ஷாட் சுட்டுவிடலாம். இந்த ஐந்தில் எதையும் வைஸில், அதாவது அசையாத இடுக்கியில், பூட்டிச் சுட்டால் பத்து மீட்டரில் பெல்லட்டுகள் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போகும். பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். துப்பாக்கியின் பிழை அதில் சிறு பங்கு; மிச்சமெல்லாம் கை.

ஆகவே பிராண்டைப் பார்க்காமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் கிளப்பில் அதே மாடல் வேறு யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் அடாப்டர், உதிரி சீல், திருகுச் சாவி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். இந்தியாவில் அதைப் பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா? உங்கள் அளவு கிரிப் கையிருப்பில் உள்ளதா, அல்லது 'வந்துவிடும்' என்ற வாக்குறுதிதானா? புதுப் போட்டி பிஸ்டல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். மாடலைப் பொறுத்து இரண்டு லட்சத்தையும் எட்டும். அந்தப் பணத்துக்கு இந்த மூன்று பதிலும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

குழலுக்கு அடியில் அதிர்வைத் தாங்கும் நகரும் எடை சில மாடல்களில் இருக்கும். இருந்தால் நல்லது, முதல் துப்பாக்கிக்கு அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம்.

கிரிப் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

துப்பாக்கியில் அதிகம் யோசிக்க வேண்டிய பாகம் இந்த மரக்கட்டைதான்.

காலித் துப்பாக்கி, குழல் பாதுகாப்பான திசையில். இடக்கையால் குழலைப் பிடித்துக்கொண்டு, வலக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டையை கிரிப்பின் பின்வளைவில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே அழுத்துங்கள். பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றையும் சுற்றுங்கள். நடுவிரல் ட்ரிகர் கார்டின் அடியைத் தொட வேண்டும். ஆள்காட்டி விரல் மரத்தில் எங்கும் உரசக் கூடாது. அந்த விரல் மட்டும் கையோடு சேராதது போல் தனியாக அசைய வேண்டும். கீழே உள்ள உள்ளங்கைத் தாங்கியை மேலே நகர்த்திக் கையைத் தொடும் இடத்தில் நிறுத்தி, பிறகு ஒரு மயிரிழை கீழே இறக்குங்கள். இறுக்கிப் பூட்டினால் முதல் பத்து நிமிடம் சொகுசாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் கை சற்றே வீங்கி, நடுக்கம் தொடங்கும்.

இனி சோதனை. கண்ணை மூடிக்கொண்டு கையை இலக்கின் உயரத்துக்குத் தூக்கி, இரண்டு மூச்சு விட்டு, மணிக்கட்டைச் சரிசெய்யாமல் கண்ணைத் திறங்கள். குழல் முனையில் உள்ள குறிமுனையான முன் சைட், பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில், தலைமட்டம் சமமாக நிற்க வேண்டும். பத்து முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் முன் சைட் இடப்பக்கமே ஒதுங்கினால் கிரிப் துப்பாக்கியை இடப்பக்கம் திருப்புகிறது. எப்போதும் வெட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தால் கிரிப்பின் சாய்வு சரியில்லை. பல மாடல்களில் கிரிப்பின் அடித் திருகைத் தளர்த்திச் சாய்வையும் திருப்பத்தையும் சற்று மாற்றலாம். பத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனால் குறை கிரிப்பில் இல்லை; பிடி இன்னும் நிலைக்கவில்லை.

திருகால் தீராததை எம்-சீலும் சாண்ட் பேப்பரும் தீர்க்கும். உள்ளங்கைக்கும் மரத்துக்கும் இடையே வெற்றிடம் தெரியும் இடத்தில் ஒன்றிரண்டு மி.மீ. கனத்துக்கு எம்-சீலை அப்பி, மேலே மெல்லிய பாலிதீன் தாள் போர்த்தி, வழக்கம்போலப் பிடித்து அச்சு எடுங்கள். கையை எடுத்து ஒரு நாள் காயவிட்டு, 120 நம்பர் சாண்ட் பேப்பரால் மேடுகளைத் தேயுங்கள். அப்பியதைத் தேய்த்து எடுத்துவிடலாம். அராவிய மரத்தை ஒட்ட வைக்க முடியாது. அதனால் முதலில் அப்புவது, கடைசியில்தான் அராவுவது. கிரிப் மணிக்கட்டைத் தாங்கும்படி நீளக் கூடாது என்பது விதி. அழகு பார்க்கிறேன் என்று பின்பக்கம் ஏற்றிவிடாதீர்கள்.

இடக்கைக்காரர்கள் இடக்கை கிரிப்பே கேட்டு வாங்குங்கள். வலக்கை கிரிப்பைச் செதுக்கிச் சமாளிக்க முடியாது.

ட்ரிகர் 500 கிராம் என்கிறார்களே, என்ன அது?

ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. குழலை நேர்மேலே நிறுத்தி, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். தூக்கும்போது ட்ரிகர் விழுந்துவிட்டால் துப்பாக்கி தேறவில்லை. கரெக்டாக 500-இல் நிறுத்தி வைப்பவர்கள் சோதனை மேஜையில் மாட்டுவார்கள். 515 அல்லது 520-இல் வையுங்கள். அந்த 20 கிராமை விரல் உணராது.

அந்த எடை இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கும். முதல் கட்டத்தில் ட்ரிகர் மெல்லப் பின்னே வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். இரண்டாவது கட்டத்தில் சுவர் உடையும். புதியவருக்கு முதல் கட்டம் 370, இரண்டாவது கட்டம் 150 என்ற பங்கீடு தோது. சுவரை விரல் தெளிவாக உணர்ந்தால்தான் அங்கே நிறுத்திக் குறியைச் சரிபார்க்க முடியும். இரண்டாவது கட்டத்தை 50 கிராமுக்குக் குறைத்துவிட்டு, 'நினைப்பதற்குள் வெடித்துவிடுகிறது' என்று புலம்புபவர்கள் ஒவ்வொரு கிளப்பிலும் உண்டு.

ட்ரிகரை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதையின் நடுப்பகுதி ட்ரிகரில் படிய வேண்டும். நுனி பட்டால் துப்பாக்கியை ஒரு பக்கம் தள்ளுவீர்கள். கணு பட்டால் மறுபக்கம் இழுப்பீர்கள். சுவர் உடைந்த பின் ட்ரிகர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு ஒரு நிறுத்தத் திருகு இருக்கும். அதை அளவுக்கு மீறி உள்ளே திருகினால் ட்ரிகர் சுவரிலேயே நின்று துப்பாக்கி சுடாது; கால் சுற்று வெளியே எடுங்கள். மற்ற திருகுகளில், கையேட்டில் பெயர் இல்லாத எதையும் தொடாதீர்கள்.

எலக்ட்ரானிக் ட்ரிகரா, சாதா ட்ரிகரா?

எலக்ட்ரானிக் ட்ரிகர் கண்ணாடி முறிவது போல் சுத்தமாக உடையும். வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். டிரை ஃபயருக்கும், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுவதற்கும், வசதி. ஆனால் பேட்டரி வேண்டும், சர்க்யூட் போனால் உள்ளூரில் வழியில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதிலேயே நேரம் கரைந்து, இறுதிச் சுற்று வாய்ப்பு போனது. 2024 பாரிஸில் அதே போட்டியில் அவர் வெண்கலம் வென்றது வேறு கதை. அவருக்குப் பின்னால் ஓர் அணியே நின்றது. உங்களுக்குப் பின்னால் கூரியர் கம்பெனிதான். முதல் துப்பாக்கிக்குச் சாதா ட்ரிகரே நம் பரிந்துரை.

ஒரு கிலோ துப்பாக்கியை நீட்டிப் பிடிக்க முடியுமா? பிள்ளைகளுக்கு?

விதிப்படி எடை 1500 கிராம் வரை போகலாம். நடைமுறையில் பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டித்தான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதன் கழுத்தைப் பற்றிப் பிடித்து, கையை நேராக நீட்டி 15 விநாடி நில்லுங்கள். இறக்கி ஒரு நிமிடம் ஓய்வு. இப்படிப் பத்து முறை. கடைசி இரண்டில் தோள் எரிந்தாலும் பாட்டில் ஆடாமல் நின்றால் முழு அளவு பிஸ்டல் சரிவரும்.

பாட்டில் பாதியிலேயே ஆட்டம் கண்டால், சிறு உடம்புக்காரர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குட்டைக் குழல், சிறு சிலிண்டர் உள்ள 'காம்பாக்ட்' மாடல்கள் உண்டு. எடை குறைவதைவிட, எடை கைக்கு அருகில் வருவதுதான் அதில் பெரிய லாபம். தோளைத் தூக்கி, இடுப்பைப் பின்னே வளைத்துப் பிள்ளை துப்பாக்கியைத் தாங்குவதைப் பார்த்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். முதுகு அப்படியே பழகிவிடும்.

சைட்டில் லென்ஸ், லேசர், ரெட் டாட் போடலாமா?

போட்டியில் எதுவும் கூடாது. திறந்த சைட் மட்டும். பழகுவதற்கும் அதுவே நல்லது.

முன் சைட்டின் அகலத்தையும் பின் சைட் வெட்டின் அகலத்தையும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். கையை நீட்டிப் பார்க்கையில் முன் சைட்டின் இருபக்கமும் தெரியும் வெளிச்சம், ஒவ்வொரு பக்கமும் முன் சைட்டின் அகலத்தில் ஏறக்குறைய பாதி இருந்தால் ஆரம்பத்துக்குச் சௌகரியம். வெளிச்சம் குறுகினால் கண் களைக்கும்.

இலக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டுமா, சைட்டையா என்பது எல்லோரும் தடுமாறும் இடம். கணக்கு இதோ. இரண்டு சைட்டுக்கும் இடையே 320 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் வெட்டுக்குள் அரை மி.மீ. விலகினால், பத்து மீட்டரில் அது 31 மடங்காகி 15.6 மி.மீ. ஆகும். வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. இடைவெளி, ஆக இரண்டு வளையம் போச்சு. சைட்டுகள் சீராக இருந்து, மொத்தக் கையும் 8 மி.மீ. ஆடினால் போவது ஒரு வளையம்தான். அதனால் கண் முன் சைட்டில். இலக்கு மங்கிய கறுப்பு உருண்டையாகத் தெரிந்தால் அதுதான் சரி. குறி வைப்பதும் கறுப்பின் நடுவில் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே வெள்ளையில். கறுப்பின் மேல் கறுப்பு சைட்டை வைத்தால் விளிம்பு தெரியாது.

கண்ணாடி போடுபவர்கள் கண் மருத்துவரிடம் 'தூரத்துக்கு' என்று சொல்லாமல் 'நீட்டிய கையின் தூரத்துக்கு' என்று சொல்லுங்கள். மறு கண்ணை இறுக மூடாதீர்கள், 30 மி.மீ. அகலத்துக்குள் ஒரு வெள்ளை அட்டையால் மறைப்பதை விதியே அனுமதிக்கிறது.

எந்த பெல்லட்? எவ்வளவு செலவாகும்?

தட்டைத் தலை உள்ள 4.5 மி.மீ. ஈய பெல்லட். இலக்கு அட்டையில் வட்டமாகத் துளை விழும். கூர்முனை பெல்லட் கிழிக்கும். பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.50 கிராம் வரையுள்ள லேசான ரகம் போதும். ஆர்டபிள்யூஎஸ், எச்&என், ஜேஎஸ்பி மூன்றும் ரேஞ்சுகளில் பழகிய பெயர்கள்.

500 அடங்கிய டின்னாக வரும். வாரம் மூன்று நாள், நாளுக்கு 70 ஷாட் என்றால் மாதத்துக்கு இரண்டு டின் தீரும். பயிற்சிக்கு நடுத்தர ரகம் போதும். விலையுயர்ந்த போட்டி ரகத்தின் பலன் 600 புள்ளிக்கு 560-க்கு மேல் சுடத் தொடங்கிய பிறகுதான் அட்டையில் தெரியும். தலையின் விட்டம் 4.48, 4.49, 4.50 என்று டின்னில் அச்சிட்டிருப்பார்கள். துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்று கையால் சுட்டுக் கண்டுபிடிக்க முடியாது. வைஸ் உள்ள இடத்தில்தான் தெரியும். தெரியாதவரை 4.49 வாங்குங்கள்.

டின்னைக் கீழே போட்டால் 'பாவாடை' எனப்படும் பின் விளிம்பு நசுங்கிய பெல்லட்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஈயம் உடம்புக்குள் சேரும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயும் வடையும்.

சிலிண்டரில் காற்று எங்கே, எப்படி அடைப்பது?

ரேஞ்சில் பெரிய ஸ்கூபா சிலிண்டரோ கம்ப்ரசரோ இருக்கும். துப்பாக்கியோடு வரும் அடாப்டரை அதில் பூட்டி, உங்கள் சிலிண்டரை அடாப்டரில் திருகுங்கள். வால்வை மெல்லத் திறந்து அரை நிமிடமாவது எடுத்து 200 பாருக்கு ஏற்றுங்கள். சட்டென்று அடைத்தால் சிலிண்டர் சூடாகும். ஆறியதும் அழுத்தமானியின் முள் 10, 15 பார் இறங்கி நிற்கும், கசிகிறதோ என்று பயப்படுவீர்கள். அடைத்ததும் பெரிய வால்வை மூடி, அடாப்டரில் தங்கிய காற்றை வெளியேற்றும் திருகைத் திறந்துவிட்டு, அதன் பிறகுதான் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். பலவந்தமாகத் திருகினால் ரப்பர் வளையம் கிழியும்.

உலர்ந்த சாதாக் காற்று மட்டும். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் சுலபமாகக் கிடைக்கிறதே என்று நினைக்காதீர்கள். அழுத்தமான ஆக்சிஜனும் சீலில் உள்ள கிரீஸும் சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். கைப்பம்பு பயன்படுத்தலாம், ஆனால் மழைக்காலத்தில் காற்றோடு ஈரமும் உள்ளே போகும். ஈரம் வடிக்கும் ஃபில்டர் உள்ள பம்பாகப் பாருங்கள்.

பெரிய சிலிண்டர் ஒருமுறைக்கு 150 ஷாட்டுக்கு மேல் தரும். முள் 100 பாரை நெருங்கியதும் அடைத்துவிடுங்கள்.

சிலிண்டரின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ஆயுள் பத்து ஆண்டு. அதற்கு மேல் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். விமானத்தில் போகும்போது காற்றை முழுதாக வெளியேற்றிக் கழற்றி வைத்து, செக்-இன் மேஜையில் துப்பாக்கி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. இந்தத் துப்பாக்கிகளின் குழல் சுலபத்தில் தேயாது. தேய்வது சீல்களும் பொறுமையும்தான்.

முதலில் சிலிண்டரின் தேதி. இன்னும் ஒரு வருடமே பாக்கி என்றால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். 200 பாருக்கு அடைத்து, துப்பாக்கியில் மாட்டி, ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் முள் நகர்ந்திருக்கக் கூடாது. நகர்ந்தால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் எங்கே கசிகிறது என்று குமிழி காட்டும். ரப்பர் வளையம் சில்லறைச் செலவு, காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பெரிய செலவு. வேகம் அளக்கும் கருவி கிளப்பில் இருந்தால் பத்து ஷாட் சுட்டு, ஏற்ற இறக்கம் சில மீட்டருக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். முந்தையவர் கிரிப்பை எவ்வளவு செதுக்கியிருக்கிறார் என்பதும் முக்கியம். அசல் பில், வரிசை எண் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் பயிற்சி செய்யலாமா? எப்படிப் பாதுகாப்பது?

வீட்டில் செய்ய வேண்டியது பெல்லட் இல்லாத டிரை ஃபயர். டிரை ஃபயர் வசதி உள்ள மாடலாகவே வாங்குங்கள்; அந்தப் பொத்தானைப் போட்டால் காற்று வெளியேறாமல் ட்ரிகர் மட்டும் வேலை செய்யும். வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி, இலக்கே இல்லாமல், ட்ரிகர் உடையும்போது முன் சைட் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். தினம் இருபது நிமிடம். சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதையும், குழல் காலி என்பதையும் கண்ணால் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

பெல்லட்டோடு சுட மொட்டை மாடி இடமல்ல.

குழலின் இருமுனையிலும் எட்டிப் பார்க்கும்படி பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்பு நூல் கோத்து வைப்பது ரேஞ்ச் விதி. வீட்டிலும் அப்படியே வையுங்கள். பெட்டிக்குப் பூட்டு, சாவி உங்களிடம். கடலோர ஊர்களில் பெட்டியின் பஞ்சே ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெளி உலோகத்தை லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். குழலுக்குள்ளும் காற்றுத் துளையிலும் எண்ணெய் விடாதீர்கள். குழலுக்கு ஐந்நூறு முதல் ஆயிரம் ஷாட்டுக்கு ஒருமுறை, அதைத் துடைக்கும் ஃபெல்ட் பஞ்சு இரண்டு சுட்டால் போதும்.

நேற்று வரை நன்றாகச் சுட்டேன், இன்று எல்லாம் ஆறு, ஏழு. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

இந்த வரிசையில் பாருங்கள். ஷாட்டுகள் கூட்டமாகவே விழுந்து, கூட்டம் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? சிலிண்டரில் காற்று தீர்ந்திருக்கும். அழுத்தம் குறைந்ததும் வேகம் குறையும். கூட்டம் அப்படியே வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறதா? பின் சைட்டின் திருகை யாரோ தொட்டிருப்பார்கள், அல்லது கிரிப்பின் அடித் திருகு தளர்ந்திருக்கும்; விரலால் ஆட்டிப் பார்த்தாலே தெரியும். சைட்டைத் திருத்தும்போது இன்னொரு குழப்பம் வரும். ஐரோப்பியத் தயாரிப்புகள் சிலவற்றில் திருகின் மேல் உள்ள எழுத்து ஷாட் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைக் குறிக்கும், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை அல்ல. எழுத்தை நம்பாமல் பத்து க்ளிக் திருப்பி ஐந்து ஷாட் சுட்டுப் பாருங்கள். திசையும் தெரியும், ஒரு க்ளிக்குக்கு எத்தனை மி.மீ. என்பதும் தெரியும். அதைக் கிரிப்பின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.

ஷாட்டுகள் கூட்டமே இல்லாமல் அட்டை முழுக்கச் சிதறினால், துப்பாக்கியைக் கிளப்பில் நன்றாகச் சுடும் ஒருவரிடம் கொடுத்துப் பத்து ஷாட் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் சிதறினால் பழுது பார்ப்பவரிடம் போகலாம். அவருக்குக் கூட்டமாக விழுந்தால் துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்று யோசியுங்கள்.